குளிகையா, ஊசியா, பரிசாரியா: நாரி விறைக்கும் வாதத்துக்கு எதை முதலில் எடுப்பது

போன கிழமை அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து தங்கையின் மகன் போன் எடுத்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டதாம். "மாமா, ஊசி போட வேண்டி வரலாம் எண்டு டொக்டர் சொல்றார். அம்மா பரிசாரியிட்டப் போகச் சொல்றா. நான் இப்ப போடுற குளிகையோடயே இருந்தா என்ன?"

எங்கள் பக்கத்தில் காதுகுத்தில் இருந்து காணி விற்பது வரைக்கும் தாய்மாமனைக் கேட்பது வழக்கம். இந்தக் கேள்விக்கு மாமனைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவனுக்கு இருபத்தேழு வயதில் வந்த நோய் எனக்குப் பதினாறு வருடமாக இருக்கிறது. குளிகை, ஊசி, பரிசாரி என்கிற நாட்டு வைத்தியர் என்று அவன் கேட்ட மூன்று வழியிலும் நான் நடந்திருக்கிறேன், சிலதில் வீணாகவும் நடந்திருக்கிறேன். போனில் சொன்னதில் பாதி அவன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். அவனைப் போல வேறு யாரும் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தால் வாசிக்கட்டும்.

நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். எக்ஸ்ரேயில் இன்னும் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்து இப்போது ஆக்சியல் ஸ்பொண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். நாரி என்றால் கீழ் முதுகு. ஊரில் இதற்கும் சாதாரண நாரிநோவுக்கும் ஒரே பெயர்தான், நாரிப்பிடிப்பு. அங்கேதான் முதல் பிழை நடக்கிறது. மூட்டை தூக்கி வருகிற நாரிநோ படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். விடியப்புறம் மூன்று நாலு மணிக்கு ஆளை எழுப்பிவிடும். எழும்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு பலகை மாதிரி விறைத்திருக்கும், நடக்க நடக்க இளகும். நாற்பத்தைந்து வயதுக்கு முன்னரே மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும். இன்று ஒரு பக்கப் புட்டம் நோகும், இன்னொரு நாள் மற்றப் பக்கம். சிலருக்குக் குதிக்காலும் நோகும். முள்ளந்தண்டு இடுப்பெலும்போடு சேருகிற மூட்டில் அழற்சி ஏற்படுவதுதான் இதன் ஆரம்பம். நமது எதிர்ப்புச் சக்தியே பிழையான இடத்தில் வேலை செய்கிறது. வருடக்கணக்கில் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குனிந்தபடி நின்றுவிடும்.

2006 கடைசியில் கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் சிக்குன்குனியா பரவியது நினைவிருக்கும். எனக்கும் வந்தது. 2009இல் நாரி பிடித்தபோது வீட்டில் எல்லோரும் அதன் மிச்சம் என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு தனியார் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்வு" என்று பெல்ட் ஒன்றும் கட்டிவிட்டார்கள். முப்பது வயதுக்காரனுக்கு எலும்பு தேய்வா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. சரியான பெயர் தெரிய ஆறு வருடம் போனது. உலகம் முழுக்கவும் இதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஏழு வருடமளவு ஆகிறது என்று பிறகு அறிந்தேன். எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடம் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டும். இரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சீ.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் சாதாரணமாக இருந்தாலும் நோய் இருக்கலாம். மருமகனுக்கு ஒரு வருடத்தில் பெயர் தெரிந்துவிட்டது. அவன் அதிர்ஷ்டக்காரன், இதை அவனிடம் சொன்னால் அடிக்க வருவான்.

தங்கை அழுதது வேறு விஷயத்துக்கு. "நம்மட குடியாலதான் வந்ததா அண்ணன்?" என்றாள். மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வரும், ஆனால் மரபணு குடி பார்த்து வருவதில்லை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு இதோடு தொடர்புள்ளது. தாயோ தகப்பனோ யாரிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. இல்லாத சிலருக்கு வருகிறது. ஆகவே வீட்டில் எல்லோரையும் இரத்தம் சோதிக்க அனுப்பத் தேவையில்லை. யாருக்காவது விடியப்புற விறைப்பு இருந்தால் மட்டும் பார்த்தால் போதும்.

சரி, இனி அவன் கேள்வி. குளிகையா ஊசியா என்று கேட்க முன்னர் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அழற்சி எங்கே இருக்கிறது? முள்ளந்தண்டில் மட்டுமா, முழங்கால், கணுக்கால் மாதிரி வெளி மூட்டுகளிலுமா? மருந்தின் வரிசையை இதுதான் மாற்றும். எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லாததால் இரண்டு வருடம் வீணானது. அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் குளிகை. டைக்ளோபெனாக், நப்ரோக்சன், இண்டோமெதசின், எட்டோரிகொக்சிப், செலிகொக்சிப் என்று பல. பார்மசியில் "நோக்குளிகை" என்று கேட்டால் கிடைப்பவை இவைதான், அதனாலேயே இவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதல் மருந்து இதுதான். வலியை மறைப்பது மட்டுமல்ல, அழற்சியையே குறைக்கும். பனடோலுக்கு அந்தக் குணம் இல்லை. பலருக்கு இது மட்டுமே போதும், ஊசி வரைக்கும் போகத் தேவை வராது.

மருமகனிடம் கேட்டேன், எப்படிப் போடுகிறாய் என்று. "நோ கூடினா ஒண்டு போடுறன் மாமா. ரெண்டு நாள் நல்லா இருந்தா விட்டிருவன்." குளிகை கேட்கவில்லை என்று அவன் சொல்வது இதைத்தான். இப்படிப் போட்டால் அது ஒரு பரீட்சையே ஆகாது. டொக்டர் சொன்ன முழு அளவில், ஒவ்வொரு நாளும், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு முதல் நாலு கிழமை போட வேண்டும். கேட்காவிட்டால் அதே வகையில் வேறொரு மருந்துக்கு மாறி இன்னொரு இரண்டு முதல் நாலு கிழமை. ஒருவருக்கு டைக்ளோபெனாக் கேட்காது, நப்ரோக்சன் கேட்கும், ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, போட்டால் பலன் கூடாது, வயிற்றுப் புண்தான் கூடும். இரண்டு மருந்தும் முறையாகத் தோற்ற பிறகுதான் ஊசியைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

பயம் இல்லையா? இருக்கிறது. வயிற்றில் புண் வரலாம், இரத்தம் கசியலாம், அதற்காகத்தான் ஒமெப்ரசோல் சேர்த்துத் தருவார்கள். இரத்த அழுத்தம் ஏறலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடும். எங்கள் பக்கத்துக்கு நான் கூடுதலாகச் சொல்வது சிறுநீரகத்தைப் பற்றி. அம்பாறை மாவட்டத்திலேயே தெஹியத்தகண்டி மாதிரி இடங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. வயல் வட்டையில் வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், இந்தக் குளிகையையும் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. வேளாண்மைக்காரன் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் இறங்கக் கூடாது. சிறுநீரகத்தைப் பார்க்கிற கிரியட்டினின் சோதனையை டொக்டர் மறந்தாலும் தான் கேட்டு எடுக்க வேண்டும். வயிற்றோட்டம், வாந்தி என்று கிடக்கிற நாட்களில் குளிகையை நிறுத்தி வைப்பது பற்றியும் முன்னரே கேட்டு வைப்பது நல்லது.

அடுத்தது நடுப்படி. நோக்குளிகைக்கும் ஊசிக்கும் இடையில் தருகிற சல்பாசலசீனும் மெத்தோட்ரெக்சேட்டும். நான் இரண்டு வருடம் தொலைத்தது இங்கேதான். எனக்கு நோய் முள்ளந்தண்டில் மட்டும். காலை மாலை என்று சல்பாசலசீன் போட்டேன், மஞ்சளும் சிவப்புமாகச் சிறுநீர் போனது, மாதாமாதம் இரத்தம் குத்தினார்கள், நாரி அசையவில்லை. அந்த மருந்தில் பிழை இல்லை. முழங்கால், கணுக்கால் வீங்குகிறவர்களுக்கு அது உதவும். முள்ளந்தண்டுக்கு உதவுவதாக நிரூபணம் இல்லை. மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான். கை விரல் மூட்டுகள் வீங்குகிற ருமட்டொயிட் வாதத்துக்கு அது முதல் மருந்து. என் மாமி ஒருவருக்கு விரல்கள் மடங்காமல் இருந்து, அதைப் போட்டுத்தான் திரும்பவும் இடியப்ப உரல் பிழிகிறார். "எனக்குக் கேட்டதே, உனக்கும் கேக்கும் மகன்" என்று தன் மருந்துத் துண்டையே நீட்டினார். பாசம்தான், ஆனால் அவருடையது வேறு நோய். அந்தக் குளிகை கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுவது, நாளாந்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் ஆகப்போகிறவர்களும் தொடவே கூடாது.

மருமகனுக்கு முழங்காலில் வீக்கம் இல்லை. அப்படியானால் நடுப்படியில் நிற்க அவனுக்குக் காரணம் இல்லை. யாராவது "முதலில் இதை ஒரு வருடம் போட்டுப் பார்ப்போம்" என்றால், ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம். கல்யாணப் பேச்சு நடப்பதால் இன்னொன்று: சல்பாசலசீன் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கு வரும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஸ்டீரொயிட் குளிகையை நெடுநாள் போடுவது முள்ளந்தண்டு நோய்க்கு வழியே அல்ல. ஒரு மூட்டு தனியாக வீங்கினால் அந்த இடத்தில் ஊசியாகப் போடலாம், அவ்வளவுதான்.

இனி ஊசி. உடம்பில் அழற்சியை மூட்டிவிடுகிற டி.என்.எஃப். என்ற பொருளைப் பிடித்து நிறுத்துகிற மருந்துகள் இவை. அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்பிளிக்சிமாப் என்பவை அதிகம் கேள்விப்படுகிற பெயர்கள். அடலிமுமாப் இரண்டு கிழமைக்கு ஒரு முறை 40 மில்லிகிராம், தோலுக்குக் கீழே, பழகினால் நாமே குத்தலாம். இன்பிளிக்சிமாப் சேலைன் மாதிரி ஏற்றுவது, முதலில் 0, 2, 6ஆம் கிழமைகளில், பிறகு 6 முதல் 8 கிழமைக்கு ஒரு தடவை வாட்டில் போய்ப் படுக்க வேண்டும். வேறொரு பாதையை அடைக்கிற செக்குகினுமாப் என்ற ஊசியும் உண்டு. எனக்கு 2018இல் அடலிமுமாப் தொடங்கினார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு விடிய எழும்பி, குனிந்து செருப்பைப் போட்ட பிறகுதான் குனிந்தேன் என்பதே தெரிந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஆறு பேரளவுக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு மருந்து மாற்ற வேண்டி வருகிறது. கேட்கிறதா இல்லையா என்று பார்க்க மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும்.

எந்த ஊசி என்பதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. இந்த நோய்க்காரரில் நாலில் ஒருவருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டொக்டரிடம் போக வேண்டும், சொட்டு மருந்து வாங்கிப் பார்க்கிற விஷயம் அல்ல. அப்படி அடிக்கடி வருபவருக்கு அடலிமுமாப் நல்லது, எட்டனர்செப்ட் கண்ணை அவ்வளவு காக்காது. குடலில் அழற்சி நோயும் சேர்ந்து இருப்பவருக்கு எட்டனர்செப்டும் செக்குகினுமாப்பும் சரிவராது. ஆகவே கண், வயிறு, தோல் மூன்றையும் பற்றி டொக்டரிடம் தானாகவே சொல்ல வேண்டும். நாரிக்கு வந்த இடத்தில் வயிற்றோட்டத்தைப் பற்றி எதற்கு என்று நானும் மறைத்தேன்.

ஊசியின் பெரிய பயம் காசநோய். உடம்புக்குள் உறங்கிக் கிடக்கிற காசநோய்க் கிருமியை டி.என்.எஃப். ஊசி எழுப்பிவிடலாம். அதனால் தொடங்க முன்னர் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் மாண்டூ சோதனை, ஈரல் அழற்சி பீ, சீ வைரஸ்களுக்கு இரத்தச் சோதனை எல்லாம் எடுப்பார்கள். பிறந்தவுடன் காசநோய்க்கான பீ.சீ.ஜீ. தடுப்பூசி போடுகிற நாடு இது, அதனாலும் மாண்டூ கொஞ்சம் வீங்கலாம். வீங்கியதும் பயந்து ஓட வேண்டாம், மார்பு நோய் டொக்டர் பார்த்து முடிவு சொல்லட்டும். உறங்குகிற கிருமி இருக்கிறது என்றால் அதற்குச் சில மாதம் குளிகை தருவார்கள், அதைத் தொடங்கி ஒரு மாதமளவில் ஊசியையும் தொடங்கலாம்.

பயத்தை விட அன்றாடம் தொல்லை தருவது பெட்டியும் பனியும். இந்த ஊசி 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. நேரே ஐஸ் கட்டியில் வைத்தால் கெட்டுவிடும். துணியில் சுற்றி, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, மே மாத வெயிலில் பஸ்ஸில் மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்தால் இலவசம். தனியாரில் வாங்குவது மாதச் சம்பளக்காரனுக்கு நெடுநாள் தாங்காது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு முழுக்க மருந்து தட்டுப்பட்டபோது எனக்கும் நின்றது. மூன்றாவது மாதம் பழைய விறைப்பு அப்படியே திரும்பி வந்தது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு நோய் திரும்பும், அதனால் ஊசி கொஞ்ச நாள் போட்டு முடிக்கிற மருந்து அல்ல, தொடர்ந்து கிடைக்குமா என்பதைத் தொடங்க முன்னர் கேட்க வேண்டும்.

டொபாசிட்டினிப், உபாடசிட்டினிப் என்று இப்போது குளிகை வடிவிலும் வந்திருக்கிறது. குளிர்ப்பெட்டி வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் வயது போனவர்கள், புகை பிடிப்பவர்கள், இதய நோயோ இரத்தக் கட்டியோ வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுவதால் பொதுவாக ஊசிக்குப் பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள்.

தங்கையின் பரிசாரியைப் பற்றி. அவரைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. எண்ணெய் சூடாக்கித் தடவி, ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும், அந்த இரவு நித்திரை வரும். நானும் போயிருக்கிறேன், இப்போதும் மார்கழி ஈரத்தில் வீட்டில் நல்லெண்ணெய் சுட வைப்பதுண்டு. இரண்டு இடத்தில் மட்டும் கோடு போடுவேன். ஒன்று, நாரியை முறுக்கிச் சொடக்கெடுப்பது. ஒட்டத் தொடங்கிய முள்ளந்தண்டு காய்ந்த மூங்கில் மாதிரி, சின்ன அடியிலும் முறியும், உள்ளே நரம்பு இருக்கிறது. மற்றது, பெயர் எழுதாத தூள். ஒரே நாளில் எல்லா நோவும் பறந்துவிட்டால் அதற்குள் ஸ்டீரொயிட் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், உலோகம் சேர்ந்த பற்பம் என்றால் சிறுநீரகத்துக்குக் கூடாது. எண்ணெய்க்குப் பரிசாரி, நோய்க்கு கிளினிக் என்று தங்கையிடம் சொன்னேன். கிளினிக் கொப்பியைப் பரிசாரிக்கும், எண்ணெயின் பெயரை டொக்டருக்கும் காட்டச் சொன்னேன். அரை மனதோடு ஓம் என்றாள்.

உடற்பயிற்சியை இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாக வைக்கவில்லை. எந்தப் படியில் நின்றாலும் அது கட்டாயம், ஊசி போடுபவருக்கும்தான். சுவரில் முதுகைச் சாய்த்துக் குதிக்காலையும் ஒட்டி நின்று, பின்தலை சுவரில் முட்டுகிறதா என்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். முட்டாத இடைவெளி கூடினால் குனிகிறோம் என்று அர்த்தம். இரவில் மெல்லிய தலையணை, விடிய பத்துப் பதினைந்து நிமிடம் குப்புறப் படுப்பது, மூச்சை இழுத்து நெஞ்சை விரிப்பது. நீந்தத் தெரிந்தால் அதுபோல வேறில்லை. வாவியில் இறங்கச் சொல்ல மாட்டேன், முதலை இருக்கிறது. பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகும், நெஞ்சளவு தண்ணீரில் நடப்பதே நல்ல பயிற்சி. கார்த்திகையில் இருந்து தை வரைக்கும் கடல் விடாது, அப்போது வீட்டு விறாந்தைதான். சிகரெட்டை விட வேண்டும், அது முள்ளந்தண்டு ஒட்டுவதைத் துரிதப்படுத்துகிறது. மருமகன் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

கொழும்பா, இங்கேயா என்றும் கேட்டான். ராகமையில் வாதநோய்க்கென்றே புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் பிரிவு இருக்கிறது. பெயரில் சந்தேகம் இருந்தால் ஒரு தடவை போய் உறுதிப்படுத்தி வரலாம். ஆனால் இது ஒரு முறை காட்டி முடிக்கிற நோய் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம், கண், குளிகை என்று ஓடுகிறவனுக்கு அக்கரைப்பற்று அல்லது மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிதான் நடைமுறை. மழையில் பாதையில் வெள்ளம் ஏறினால் அதுவும் கஷ்டம், ஐப்பசியிலேயே ஒரு மாதக் குளிகை கூடுதலாகக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். கொழும்புக்குப் போவதென்றால் பஸ்ஸை விட மட்டக்களப்பில் இருந்து உதயதேவி ரயில் நல்லது. எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தாலும் எழும்பி நடக்கலாம், பஸ்ஸில் மடங்கி இருந்தால் இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டி வரும்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்ன வரிசை இது. நப்ரோக்சனை டொக்டர் எழுதிய முழு அளவில் நாலு கிழமை, ஒரு நாளும் விடாமல். விடிய எத்தனை மணிக்கு நோ எழுப்பியது, விறைப்பு எத்தனை நிமிடம் என்று கொப்பியில் குறிப்பு. கேட்காவிட்டால் மற்ற மருந்து இன்னொரு நாலு கிழமை. அதுவரை சும்மா இருக்காமல் மாண்டூவும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து வைப்பது, அப்போது ஊசி என்று வந்தால் காத்திருக்கத் தேவையில்லை. நடுப்படி வேண்டாம்.

நேற்று இரவு வட்ஸ்அப்பில் கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். முதல் நாள்: 3.40, ஐம்பது நிமிடம். மூன்றாம் நாள்: 4.15, நாற்பது நிமிடம். ஐந்தாம் நாளுக்கு நேரே "மறந்திட்டன்" என்று எழுதி அடித்திருந்தது. கீழே ஒரு வரி: "மாமா, அந்த ரெஜிபோம் பெட்டிய எறிஞ்சிராதீங்க."